வாயைக் கட்டி, காலை முறித்து

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் விமானத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விழும்போது எப்படி இருந்தது, சத்தம் வந்ததா, சாமியை நினைத்தாயா. படகுத்துறையில் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் கேட்கிறார்கள். விமானம் விழுந்தது ஒரு நிமிஷத்து வேலை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்ததுதான் பெரிய கதை. அதை ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்லிவிடுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்காருவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால் எழுத்து அங்கங்கே தாவும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகன். மாதிரி மிளகைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கிட்டங்கியிலிருந்து இன்னொரு கிட்டங்கிக்கு நாள் முழுக்க நடக்கிற வேலை. வாயும் காலும்தான் முதல். இரண்டில் எது ஓய்ந்தாலும் கடையைக் கட்ட வேண்டியதுதான். "சங்கரலிங்கம் ரெண்டு நிமிஷம் ஒரு எடத்துல இருந்தா அன்னைக்கு மழை வரும்" என்று அண்ணன் சொல்லுவான். கொச்சியில் மழை வருவதற்கு நான் உட்காரவே வேண்டாம், அது வேறு விஷயம்.

எங்கள் குடும்பம் எந்தக் காலத்தில் இந்த ஊருக்கு வந்தது என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழைப் பேசலாம், சண்டை போடலாம், சாமி கும்பிடலாம். எழுதத்தான் தெரியாது. அந்த நாளில் தமிழில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது எனக்கு. மனைவி செண்பகமோ திருநெல்வேலிப் பக்கம். தமிழைத் தவிர வேறு ஒரு எழுத்தும் தெரியாது. கல்யாணம் முடிந்து மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் வாரம், எங்கள் அம்மா குழாயடியிலிருந்து "வெள்ளம் வந்தாச்சு, வெள்ளம் வந்தாச்சு" என்று கத்த, அவள் துணிமணியை எல்லாம் அள்ளிக் கட்டில்மேல் போட்டுவிட்டுத் தானும் ஏறி நின்றுவிட்டாள். குடிதண்ணீருக்கு நாங்கள் வெள்ளம் என்று சொல்வது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கதை பஜார் வரைக்கும் போயிற்று. கொண்டுபோனது நான்தான்.

விபத்து நடந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். ஆடி மாத மழை. பம்பாயில் ஒரு வியாபாரத் தகராறைத் தீர்க்கப் போயிருந்தேன். மண் சரிந்து ரயில் நின்றுவிட்டதால் முதலாளி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அது முதல் விமானப் பயணம். பக்கத்து இருக்கையில் எங்கள் மட்டாஞ்சேரிக்காரரான ஒரு குஜராத்தி சேட்டு. காது அடைக்கும் என்று சொல்லி எனக்குப் பெப்பர்மிண்ட் கொடுத்தார். "மிளகுக்காரனுக்கு மிட்டாயா?" என்று நான் கேட்க, சத்தமாகச் சிரித்தார்.

கொச்சிக்கு மேலே வந்ததும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலில் சாம்பல் நிறம், அவ்வளவுதான். விமானம் வட்டமடித்தது, மறுபடியும் வட்டமடித்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நடக்கலாமா என்று பார்த்தேன், பணிப்பெண் கையால் உட்கார் என்றாள். பிறகு திடீரென்று காயல் தெரிந்தது, விமான நிலையம் இருக்கிற தீவு தெரிந்தது, சக்கரம் தரையில் பட்டது. எல்லோரும் மூச்சு விட்டோம். ஆனால் விமானம் நிற்கவில்லை. ஓடுபாதை முழுக்கத் தண்ணீர். அது வழுக்கிக்கொண்டே போய், பாதை முடிந்த பிறகும் போய், காயலோரத்துச் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு உடைந்தது. என் முன்னால் இருந்த இருக்கை என் முகத்துக்கு வந்தது. கீழே இரும்பு எதுவோ என் வலது காலைப் பிடித்துக்கொண்டது. சேட்டு பிழைக்கவில்லை. அவர் கொடுத்த பெப்பர்மிண்ட் என் வாயில் ரத்தத்தோடு கரைந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஆஸ்பத்திரி எறணாகுளத்தில். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. செலவை விமானக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. இல்லாவிட்டால் அண்ணனுக்கு அந்தக் கவலையே வியாதியாகியிருக்கும். ஏற்றுக்கொண்ட பிறகும் அவன் ஒவ்வொரு ஊசிக்கும் "இதுவும் அதுல சேருமில்லே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு இரண்டு இடத்தில் சேதம். ஒன்று தாடை. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் விண்டுபோயிருந்தது. அது ஒன்றுசேர வேண்டுமென்றால் அசையக்கூடாது. கையென்றால் மாவுக்கட்டு போடலாம், தாடைக்கு எங்கே போடுவது? அதனால் மேல் பல் வரிசையையும் கீழ் பல் வரிசையையும் மெல்லிய கம்பியால் சேர்த்து முறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஒன்றரை மாதத்துக்கு வாய் திறக்க முடியாது. பக்கத்தில் ஒரு பல் போன சந்து இருந்தது. அதன் வழியாக ரப்பர் குழாயை விட்டுக் கஞ்சித் தண்ணீர், பால், அம்மா வடிகட்டிக் கொடுத்தனுப்பும் ரசம். வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும், அப்போது கம்பியை உடனே வெட்ட வேண்டும் என்று, ஒரு சின்ன வெட்டுக்குறட்டை நூலில் கட்டிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் அது ஆடி ஆடி இரும்பில் இடிக்கும். டிங், டிங். ராத்திரி முழுக்க அதையே கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

இரண்டாவது, வலது கால். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. உள்ளே காயல் சேறு. கழுவி, வெட்டி, சுத்தம் பண்ணி, சட்டத்தில் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

பேச முடியாதவனுக்கு அண்ணன் தன் மகளுடைய சிலேட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அங்கேதான் சங்கடம் தொடங்கியது. நான் மலையாளத்தில் எழுதுவேன். செண்பகம் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இது என்ன, ஜிலேபி மாதிரி?" என்பாள். அப்புறம் சிலேட்டை அடுத்த கட்டிலுக்கு நீட்டுவாள்.

அடுத்த கட்டிலில் வர்க்கி சேட்டன். வைப்பின்காரர், மீன் பிடிக்கிறவர். படகுக்கும் துறைச் சுவருக்கும் நடுவில் சிக்கித் தொடை எலும்பு ஒடிந்து, கால் மேலே தூக்கிக் கட்டி, கயிற்றின் நுனியில் எடைக்கல் தொங்கக் கிடந்தார். தோப்பும்படி மீன் ஏலத்தில் விலை கூவிப் பழகிய தொண்டை. நான் எழுதியதை அவர் வார்டு முழுக்கக் கேட்கும்படி படித்துச் சொல்வார்.

"முதுகு சொறியணுமாம், செண்பகம்! இடது பக்கம்! கொறச்சு தாழே!"

மொத்த வார்டும் என் முதுகைத் திரும்பிப் பார்க்கும். ஒரு நாள் ஆசையாக "பக்கத்தில் வந்து உட்கார்" என்று எழுதினேன். அதையும் அதே தொண்டையில் படித்தார். செண்பகம் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மாதிரி எதுவும் எழுதவில்லை.

பாஷை விளையாடிய இன்னொரு விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வார்டு சிஸ்டர் ஏலியம்மா. கெட்டிக்காரி, கோபக்காரி. ஒரு காலையில் வந்து செண்பகத்திடம், "சேச்சி, இவர் கழிச்சோ?" என்று கேட்டார். மலையாளத்தில் கழிச்சோ என்றால் சாப்பிட்டாரா என்று அர்த்தம். செண்பகத்துக்கு அது வேறு அர்த்தத்தில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு, மெல்ல, "இல்ல சிஸ்டர். வந்ததுலேருந்து ஒரு தரம்கூட இல்ல" என்றாள்.

சிஸ்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்ட ஈசோயே! வந்நிட்டு இதுவரெ ஒந்நும் கழிச்சில்லே?"

"அவுகளுக்கு வீட்டுலயே கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான்..." என்றாள் செண்பகம்.

எனக்கு எல்லாம் புரிகிறது. ஒன்றும் சொல்ல முடியவில்லை. சிலேட்டைத் தேடுவதற்குள் சிஸ்டர் போய் ஒரு கூஜா நிறையப் பாலில் முட்டையை அடித்துக் கொண்டுவந்து, பிறந்ததிலிருந்து முட்டை தொடாத என் வாய்க்குள் குழாயை வைத்துவிட்டார். வர்க்கி சேட்டன் சிரித்த சிரிப்பில் அவருடைய எடைக்கல் ஊஞ்சல் மாதிரி ஆடியது. "ஐயோ, சிரிப்பிக்கல்லே, எல்லு போகும்" என்று எலும்பு ஒடிந்த தொடையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கோபத்தில் நான் குழாயைக் கடிக்கப் பார்த்தேன். கடிக்கவும் முடியவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து செண்பகம் வர்க்கி சேட்டனிடம் பாடம் கேட்கத் தொடங்கினாள். இதுக்கு என்ன சொல்லுவீக, அதுக்கு என்ன சொல்லுவீக. "முறின்னா என்ன? சிஸ்டர் முறி முறிங்காக?" என்று அவள் கேட்டதும், "முறின்னா ரூம்" என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. மேற்கொண்டு என்னவோ மீன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காய்ச்சல் ஏறத் தொடங்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது கால் கனத்தது. வலி என்று சொன்னால் போதாது. கட்டுக்குள் கால் பெரிதாகிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. ஒரு நாற்றம், அழுகிய பழத்துக்கும் செத்த எலிக்கும் நடுவில். அது என்னிடமிருந்துதான் வருகிறது என்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரமாயிற்று. டாக்டர் வந்து கட்டைப் பிரித்துத் தோலை விரலால் அழுத்தினார். உள்ளே அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது. என் உடம்பில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை.

அதன் பெயர் கேஸ் காங்கரின். சேற்றிலும் மண்ணிலும் இருக்கிற ஒரு கிருமி, நசுங்கிய சதைக்குள் காற்றுப் புகாத இடமாகப் பார்த்துக் குடியேறும். வளர வளர வாயு உண்டாக்கும். அந்த வாயுதான் தோலுக்கடியில் நொறுங்குவது. சதையைத் தின்றுகொண்டே மேலே ஏறும். நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில் ஏறும். இடுப்பைத் தாண்டிவிட்டால் ஆளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பென்சிலின் ஊசி ஒரு அளவுக்குத்தான் தடுக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது டாக்டரின் முகம் மட்டும்தான்.

அண்ணன் அப்போது விமானக் கம்பெனி அலுவலகத்துக்குப் போயிருந்தான். கட்டில் கால்மாட்டில் செண்பகம் மட்டும். டாக்டர் அவளிடம் திரும்பினார். தாழ்ந்த குரல் அவருக்கு.

"கால் முறிக்கணம். வேறெ வழியில்லா."

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். "முறிச்சா பொறவு நடப்பாகளா?"

"நடக்கும். தீர்ச்சயாயிட்டும் நடக்கும்."

"அப்ப முறிச்சிருங்க" என்றாள்.

மலையாளத்தில் முறிக்கிறது என்றால் வெட்டி எடுக்கிறது. தமிழில் முறிக்கிறது என்றால் ஒடிக்கிறது, அவ்வளவுதான். செண்பகம் எனக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறாள். அவள் தம்பிக்குக் கை கோணலாகக் கூடிவிட்டதாம். ஊர் வைத்தியர் அதை மறுபடியும் முறித்துக் கட்டினாராம். இப்போது அந்தக் கையால்தான் கமலை இறைக்கிறானாம். அந்தக் கதையை அவள் சொன்ன குரல் கூட எனக்கு ஞாபகம் வந்தது. முறித்துக் கட்டப் போகிறார்கள் என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டாள். என் கால்! என் தொழில், என் நடை, எல்லாம் ஒரு வார்த்தையின் நடுவில் விழுந்து போகிறது. இவள் தலையாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

டாக்டரும் சிஸ்டரும் செண்பகமும் கட்டிலை மறைத்திருந்த தட்டியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள். சிலேட்டைத் துழாவினேன். கை பட்டுக் கீழே விழுந்தது. கத்தினேன். மூக்கு வழியாக ஒரு முனகல் வந்தது. தலைமாட்டில் குறடு ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்து உதட்டுக்குள் செருகி, கம்பி எங்கே என்று தேடினேன். ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், வேண்டாம் என்று. அதற்கு வாய் வேண்டும்.

"சிஸ்டரே! ஓடி வாயோ!" என்று வர்க்கி சேட்டன் அலறினார்.

சிஸ்டர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உதடு கிழிந்ததுதான் மிச்சம். பின்னாலேயே செண்பகம். அவள் கண்ணை என் கண்ணால் பிடித்து நிறுத்தி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அவள் என் நெற்றியில் கையை வைத்தாள். "ஒண்ணும் ஆவாது. கிடந்து பதறாதீக" என்றாள். கையில் ஊசி ஏறியது. குறடு டிங் என்று இடித்தது எனக்குக் கேட்ட கடைசிச் சத்தம்.

விழித்தபோது போர்வையைப் பார்த்தேன். இடது பக்கம் நீளமாக மேடு. வலது பக்கம் மேடு பாதியில் நின்று, அதற்குப் பிறகு போர்வை கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. அழுதேன். வாய் கட்டியவன் அழவும் கூடாது. மூக்கு அடைத்தால் மூச்சு முட்டும். ஏலியம்மா சிஸ்டர் மூக்கைத் துடைத்துத் துடைத்து, "கரயல்லே, மோனே, கரயல்லே" என்றார். நான் அவரைவிட வயதில் மூத்தவனாகக் கூட இருப்பேன்.

காயத்தைத் தைக்காமல் திறந்தே வைத்திருந்தார்கள். மிச்சம் மீதிக் கிருமி காற்றுப் பட்டுச் சாக வேண்டும் என்பதற்காக. தினமும் கட்டுப் பிரித்துப் பார்க்கும்போது செண்பகம் தட்டிக்கு வெளியே நின்று, சிஸ்டர் வெளியே வரும்வரை நகரமாட்டாள். "மேல ஏறலையே? மேல ஏறலையே?" என்று கேட்பாள். இவளுக்கு இப்போது எதற்கு இந்த அக்கறை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இல்லாத கால் என்னைப் படுத்திய பாடு வேறு. கட்டைவிரல் அரிக்கும். எடுத்துப் போட்ட காலின் கட்டைவிரல்! மூளைக்குக் கால் போன செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை, நரம்புகள் பழைய பாதையிலேயே தந்தி அடித்துக்கொண்டிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். இருக்கிற காலையாவது சொறியலாம், இல்லாததை எங்கே போய்ச் சொறிவது? அண்ணன் தினமும் படகேறி வந்து, கம்பிமேல் கத்தி படாமல் எனக்குச் சவரம் செய்துவிடுவான். ஒரு நாள் கூடப் போர்வைப் பக்கம் அவன் கண் போனதில்லை. தீவில் விமானம் இறங்கும் சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே ஜன்னலைச் சாத்திவிட்டு வருவான். அவனிடம் எனக்கு நன்றி இருந்தது. செண்பகத்திடம் கோபம் மட்டும்தான்.

அந்தக் கோபத்தை ஒரு நாள் எழுதினேன். வெளியே கொட்டுகிற மழை. சிலேட்டின் ஒரு பக்கம் போதவில்லை, திருப்பி மறுபக்கமும் எழுதினேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவளை நம்பி என் காலைக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினேன். தெரியாவிட்டால் யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா என்று எழுதினேன். உன் ஊருக்கே போய்விடு, இனி என் முகத்தில் விழிக்காதே என்றும் எழுதினேன். எழுதிய வேகத்தில் குச்சி இரண்டாக உடைந்தது. அவள் வழக்கம் போல் வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், வர்க்கி சேட்டனிடம் நீட்டினாள்.

அவர் படித்தார். மறுபக்கமும் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்க்குள்ளேயே படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையால் சிலேட்டைச் சுத்தமாகத் துடைத்தார்.

"சாயா வேணுமாம்" என்றார். "நல்ல ஸ்ட்ராங் சாயா."

செண்பகம் தலைமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு மழையில் போனாள். நனைந்து வந்தாள். சாயாவை ஆற்றி, ஆடையை வடிகட்டி, குழாயை என் வாயில் வைத்து, முடிகிற வரைக்கும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சாயா மட்டும் நன்றாக இருந்தது.

கம்பியை அவிழ்த்த அன்று எல்லோரும் சுற்றி நின்றார்கள், என்ன பேசப் போகிறான் என்று. சேர்த்துவைத்த வசவு ஒரு மூட்டை இருந்தது. ஆனால் தாடை துருப்பிடித்த பூட்டு மாதிரி விரல் அகலத்துக்கு மேல் திறக்க மறுத்தது. "ழ்ழ்" என்று ஏதோ வந்தது. "கஞ்சி கேக்குறாக" என்றாள் செண்பகம்.

வீட்டுக்கு வந்த பிறகு வாய் பழைய வாயாகிவிட்டது. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். விமானத்துல போகலை, மழையில போகலை, ஒரு வார்த்தையில போச்சு என் கால். முறிக்கறதுன்னா ஒடிக்கறதுன்னு நெனச்சுட்டா இவ. வெள்ளம் வந்த கதையையும் கழிச்ச கதையையும் சேர்த்துச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு என் காலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்துவார்கள். செண்பகம் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. சாயங்காலங்களில் அதே சிலேட்டில் எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நடக்க முடியாதவனுக்குப் பொழுது போகவேண்டுமே. இதை நான் தமிழில் எழுதுவது அந்தப் பாடத்தால்தான்.

அடுத்த வருஷம் காயம் நன்றாக ஆறி, பொய்க்கால் மாட்டிப் பழகி, அதை டாக்டரிடம் காட்டப் போனோம். செண்பகம் மருந்துச் சீட்டுக்கு வரிசையில் நின்றாள். ஏலியம்மா சிஸ்டர் என்னைக் கண்டுபிடித்து ஓடி வந்தார். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"முட்டு உண்டல்லோ. அதாண் இந்த நடை" என்றார். முட்டு என்றால் முழங்கால். "முட்டு போயிருந்தா இப்படி நடக்க ஒக்குமோ? எல்லாம் சேச்சி வழக்கு போட்டதோட புண்ணியம்."

"என்ன வழக்கு?" என்றேன். வழக்கு என்றால் அங்கே வாய்ச்சண்டை.

சிஸ்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சேச்சி பறஞ்சில்லே?"

பிறகு சொன்னார். அன்று வராந்தாவில் டாக்டர் சொன்னது, முழங்காலுக்கு மேலே, தொடையில் எடுக்க வேண்டும் என்று. அதுதான் பத்திரம். செண்பகம் சேலையோடு சேர்த்துத் தன் காலில் கையை வைத்து, "இங்க. இவிடெ முறிச்சா மதி" என்று, அங்கே வெட்டினால் போதும் எனக் கெண்டைக்காலைக் காட்டினாளாம். டாக்டர் முடியாது என்றார். விஷம் மேலே ஏறினால் மறுபடியும் வெட்ட வேண்டிவரும், உயிருக்கே ஆபத்து என்றார். "ஏறினா அப்ப மேல முறிங்க. இப்ப முட்டு இருக்கட்டும். அவுக நடந்து பொழைக்கிறவுக" என்றாளாம். டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்று நகர நகர, அவள் அவருக்கு முன்னால் போய்ப் போய் நின்றாளாம். கடைசியில் டாக்டர் எக்ஸ்ரேயை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சரி, கீழேயே முயற்சி பண்ணலாம், காயத்தைத் திறந்தே வைக்கலாம் என்றாராம்.

"சேச்சி உறங்கியே இல்லா, ஏறிப்போச்சோ ஏறிப்போச்சோன்னு" என்றார் சிஸ்டர். "தரகர் நீங்களோ சேச்சியோ?"

நான் அந்த வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றது இரண்டு முழங்காலின்மேல்.

திரும்பும்போது எறணாகுளம் ஜெட்டியில் மட்டாஞ்சேரிப் படகு பிடித்தோம். தூறல். படகு நகர்ந்து, தீவு இடது கைப்பக்கம் வந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காக, அந்த ஓரத்து இடத்தை எப்போதும் நானே அவளுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு உள்பக்கம் உட்காருவேன். அன்றைக்கு எனக்கு முன்னாலேயே அவள் போய் அங்கே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அவளாகவே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"முறிக்கறதுன்னா என்னன்னு அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"மொத நாள்தான் வர்க்கி அண்ணாச்சி சொன்னாக. மீன் முறிக்கிறதப் பத்தி." உள்ளங்கையைக் கத்தி மாதிரி நிமிர்த்தினாள். "தலையை ஒரு வெட்டு, வாலை ஒரு வெட்டுன்னு கையால காட்டினாக."

"பின்னே ஏன் சொல்லலை? ஊருக்கெல்லாம் நான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்போது ஏன் வாயைத் தொறக்கலை?"

அவள் முந்தானையால் என் தோளில் விழுந்த தூறலைத் துடைத்தாள். "ஒங்களுக்கு யாரு மேலயாவது கோவப்படணும்லா. மழை மேல எத்தன நாளைக்குக் கோவப்படுவீக? நான்னா பக்கத்துலயே இருக்கேன்."

படகு பாலத்துக்கு அடியில் போகும்வரை காத்திருந்துவிட்டு, அந்த இருட்டில் கேட்டேன்.

"அந்த சிலேட்டு... சாயா வேணும்னு எழுதினேனே, அன்னைக்கு..."

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதுல்லா" என்றாள் செண்பகம். பாலம் கடந்து வெளிச்சம் வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. "ஆனா ஒரு சாயா கேக்க யாராவது ரெண்டு பக்கமும் எழுதுவாகளா?"